பிளாக்கஸ்: மூலை தொட்டால் சரி, பக்கம் ஒட்டினால் தப்பு

குடும்பத்தோடு ஆடும் பலகை விளையாட்டு என்றதும் பெரும்பாலும் ஒரு தடிமனான விதிப்புத்தகமும் கூடவே வந்துவிடும். பிளாக்கஸில் அந்தத் தொல்லை இல்லை. ஆளுக்கு ஒரு காயாக முறைவைத்துப் பலகையில் வைக்க வேண்டும்; கடைசியில் கையில் மிச்சம் குறைவாக வைத்திருப்பவர் வென்றவர். உங்கள் நிறத்துக் காய் ஒவ்வொன்றும், ஏற்கெனவே வைத்த உங்கள் நிறத்துக் காய் ஒன்றை மூலையோடு மூலை தொட வேண்டும். பக்கத்தோடு பக்கம் ஒட்டவே கூடாது. அடுத்தவர் நிறத்தோடு எப்படி வேண்டுமானாலும் ஒட்டலாம். முதல் காய் மட்டும் பலகையின் நான்கு மூலைக் கட்டங்களில் ஒன்றை மூட வேண்டும். விதி அவ்வளவுதான். பகடை கிடையாது, சீட்டு கிடையாது. தோற்றவருக்கு அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட வழியே இல்லை.

பிரான்ஸைச் சேர்ந்த பெர்னார்ட் டவிட்டியன் உருவாக்கிய இந்த விளையாட்டை செக்கோயா நிறுவனம் 2000இல் வெளியிட்டது. 2003இல் மென்சா என்ற அறிவுத்திறனாளர் அமைப்பு சிறந்த விளையாட்டுகளுக்குத் தரும் மென்சா செலக்ட் முத்திரை கிடைத்தது. 2009இல் மேட்டல் கைக்குப் போனது. இப்போது கடைகளில் கிடைப்பது அந்த நிறுவனத்தின் பெட்டிதான். 2 முதல் 4 பேர், 7 வயதுக்கு மேல் என்று அதில் போட்டிருக்கும்.

உள்ளே 20×20 கட்டம் கொண்ட ஒரு பலகையும் நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை என நான்கு நிறங்களில் நிறத்துக்கு 21 காய்களும் இருக்கும். அந்த 21இல் ஒரு கட்டக் காய் 1, இரண்டு கட்டக் காய் 1, மூன்று கட்டக் காய் 2, நான்கு கட்டக் காய் 5, ஐந்து கட்டக் காய் 12. இவை யாரோ மனம்போன போக்கில் வெட்டிய வடிவங்கள் அல்ல. சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால், ஒன்றிலிருந்து ஐந்து வரை கிடைக்கக்கூடிய எல்லா வடிவங்களும் இந்த 21தான், ஒன்றுகூட விடுபடவில்லை. டெட்ரிஸில் நான்கு சதுர வடிவம் ஏழு இருக்குமே, இங்கே ஏன் ஐந்து என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே வடிவத்தைச் சுழற்றலாம், புரட்டிப் போட முடியாது. இங்கே கையில் எடுத்துக் கவிழ்த்தும் வைக்கலாம். அதனால் கண்ணாடி பிம்பங்கள் இரண்டும் ஒரே காயாகிவிடுகின்றன. ஐந்து சதுர வடிவங்களுக்கு அவற்றின் தோற்றத்தை வைத்து ஆங்கில எழுத்துகளைப் பெயராகச் சொல்வது வழக்கம். எஃப், ஐ, எல், என், பி, டி, யூ, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இஸட். கீழே அந்தப் பெயர்களையே பயன்படுத்துகிறோம்.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு நிறத்தின் 21 காய்களிலும் சேர்த்து 89 கட்டம். நான்கு நிறத்துக்கும் 356. பலகையில் 400. ஆக, நால்வரும் எல்லாக் காய்களையும் வைத்து முடித்தால்கூட 44 கட்டம் காலியாகவே இருக்கும். இடம் தாராளம் என்று தோன்றும். ஆனால் பாதி ஆட்டத்திலேயே, கண்ணெதிரே காலிக் கட்டங்கள் கிடக்க, வைக்க வழியில்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள். இட நெருக்கடியால் இந்த ஆட்டத்தில் தோற்பவர்கள் குறைவு. வழி அடைபட்டுத் தோற்பவர்களே அதிகம்.

முதன்முதலில் ஆடுபவர்கள் இதை அடுக்கிப் பொருத்தும் புதிராக நினைத்து, காயை நெருக்கமாக, இடம் வீணாகாமல் வைக்கப் பார்ப்பார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. எண்ண வேண்டியது வாசல்களை. ஒரு காயை மூலையால் மட்டும் தொடும் காலிக் கட்டம் ஒவ்வொன்றும் அடுத்த காய் நுழைய ஒரு வாசல். திறந்த வெளியில் எக்ஸ் காய்க்கு 8 வாசல். எஃப், டபிள்யூ இரண்டுக்கும் 7. டி, என், ஒய், இஸட் ஆகியவற்றுக்கு 6. எல், வி, பி ஆகியவற்றுக்கு 5. யூ காய்க்கும் 5தான். அதன் இரு நுனிகளும் நடுவிலுள்ள ஒரே கட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. நீளமான ஐ காய்க்கு 4 மட்டும். பன்னிரண்டும் ஐந்து கட்டம்தான், ஆனால் எதிர்காலம் ஒன்றல்ல.

பலகையின் ஓரம் இந்தக் கணக்கை இன்னும் கெடுக்கும். முதல் நகர்விலேயே ஐ காயை மூலையிலிருந்து ஓரத்தோடு படுக்க வைத்துப் பாருங்கள்: மிஞ்சுவது ஒரே ஒரு வாசல். பக்கத்து மூலைக்காரர் சற்றுத் தெரிந்தவராக இருந்தால் உங்கள் ஆட்டமே அந்த ஒரு கட்டத்தை நம்பித் தொங்கும். அதே மூலையில் டபிள்யூ அல்லது எஃப் வைத்தால் உள்நோக்கி 4 வாசல். எக்ஸ் காயால் மட்டும் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. எப்படி வைத்தாலும் அது மூலைக் கட்டத்தை மூடாது.

தொடக்கத்துக்கு ஒரு வழி சொல்ல வேண்டுமென்றால், டபிள்யூ, இஸட், வி மூன்றும் 3×3 சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை நீளும் காய்கள். இவற்றை மூலைவிட்டப் போக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் மூன்றே நகர்வில் உங்கள் மூலையிலிருந்து ஒன்பதாவது கட்டத்துக்கு வந்துவிடலாம். நான்காவது காய் பலகையின் நடுவில் காலூன்றும். நடுவைப் பிடித்தவருக்கு நான்கு திசையிலும் போக வழியுண்டு. ஓரமாக ஊர்ந்து போனவருக்கு அப்படி இல்லை. எதிராளி குறுக்கே வந்து நின்றால் இந்த வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் மூன்று நான்கு நகர்வுகள் நடுவை நோக்கித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது, இந்த ஆட்டத்தின் ருசியே இருக்கும் இடம். எதிராளி காய்களைக் கோத்து உங்கள் முன்னால் மதில் கட்டிவிட்டார் என்று தோன்றும்போது, அந்த மதிலின் இணைப்புகளைப் பாருங்கள். அவருடைய காய்கள் மூலையால் மட்டுமே இணைந்திருக்க முடியும். இணைப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டங்கள் ஒன்றுக்கொன்று மூலைவாக்கில் காலியாக நிற்கும். அந்த இரண்டும் அவருடைய காய்களின் பக்கத்தை ஒட்டியவை. ஆகவே அவரால் அவற்றில் எதையும் வைக்கவே முடியாது, கடைசி வரை. உங்களால் முடியும். ஒரு பக்கக் கட்டத்தில் உங்கள் காயின் நுனி வந்து நின்றால், எதிர்ப்பக்கக் கட்டம் உங்களுக்கு வாசலாகிவிடும். மதிலைத் தாண்டி அந்தப்புறம் போய்விடலாம். தனி ஒரு நிறத்தால் ஓட்டையில்லாத மதில் கட்டவே முடியாது. உண்மையிலேயே வழி அடைபடுவது, இரண்டு நிறங்கள் சேர்ந்து அந்த இணைப்புக் கட்டங்களை நிரப்பும்போதுதான். அதனால் தடுப்பாட்டம் ஆடுபவர் செய்ய வேண்டியது, தன் காயின் உடம்பால் எதிராளியின் வாசல் கட்டங்களை மூடுவது. வெறுமனே முன்னால் போய் நிற்பதால் பயனில்லை. ஒரு காய் வைக்கும்போது உங்களுக்கு இரண்டு வாசல் திறந்து அவருக்கு ஒன்று மூடினால் அது நல்ல நகர்வு.

எந்தக் காயை எப்போது வைப்பது? பெரியதை முதலில், சிறியதைக் கடைசியில் என்று எல்லோரும் சொல்வார்கள். 89இல் 60 கட்டம் ஐந்து கட்டக் காய்களிலேயே இருப்பதால் அது பொதுவாகச் சரி. ஆனால் பன்னிரண்டும் ஒரே அவசரத்தில் இல்லை. எக்ஸ் காயை முதல் ஐந்தாறு நகர்வுக்குள் இறக்கிவிட வேண்டும். அதற்கு நான்கு கையும் நீட்ட இடம் வேண்டும். அந்தக் கைகளில் ஒன்றுகூட உங்கள் மற்றொரு காயின் பக்கத்தைத் தொடக் கூடாது. பிற்பகுதியில் அப்படி ஓர் இடம் அகப்படுவது அரிது. எஃப், டபிள்யூ, டி, இஸட் எல்லாம் அதற்கு அடுத்த அவசரம். பி காய் 2×3 இடத்துக்குள் அடங்கும். ஐ காய் இரண்டு எதிராளிகளுக்கு நடுவே விட்டுப்போன ஒற்றைக் கட்டச் சந்துக்குள் நுழையும். இவை இரண்டையும் சற்றுத் தாமதமாக வைத்தால் தப்பில்லை. யூ காயைப் பலர் தொல்லையாக நினைத்துக் கடைசிவரை கையில் வைத்திருப்பார்கள். துருத்திக்கொண்டு நிற்கும் எதிராளியின் ஒரு கட்டத்தைக் கவ்விப் பிடிக்க அதைப்போல் வேறு காய் கிடையாது.

ஒற்றைக் கட்டக் காயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதிப்பெண் கணக்கு அங்கே குறுக்கிடுகிறது. எளிய முறையில் மிச்சமிருக்கும் கட்டங்களை எண்ணுவார்கள். குறைவாக வைத்திருப்பவர் வென்றவர். விரிவான முறையில் மிச்சக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி கழியும். 21 காயையும் வைத்து முடித்தவருக்கு 15 புள்ளி. கடைசியாக வைத்தது ஒற்றைக் கட்டக் காயாக இருந்தால் மேலும் 5, ஆக மொத்தம் 20. அந்த 5க்கு ஆசைப்பட்டுப் பலரும் அதைப் பொத்திப் பொத்தி வைப்பார்கள். வீண் ஆசை. எட்டாத ஒரு மூலைக்குப் பாலமாக அதை வைத்து, அங்கே ஒரு ஐந்து கட்டக் காயை இறக்கிவிட்டால் அப்போதே 5 புள்ளி மிச்சம். இரண்டு இறக்கினால் 10. கூடுதல் 5 கிடைக்கவோ மற்ற இருபது காயையும் வைத்து முடித்திருக்க வேண்டும். கையில் இரண்டு மூன்று பெரிய காய் முடங்கிக் கிடக்கும்போது ஒற்றைக் காயைச் சேமிப்பதில் பொருளே இல்லை.

பழக்கம் வரும்வரை அடிக்கடி நடக்கும் பிசகு ஒன்று: நுழைவு மூலையை மட்டும் பார்த்துக் காயை வைத்துவிட்டு, அதன் மறுநுனி தன் நிறத்து வேறொரு காயின் பக்கத்தை ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் விடுவது. எல், ஒய், என் போன்ற நீளக் காய்களில் இது சகஜம். இரண்டு சுற்று கழித்துக் கண்டுபிடித்தால் பின்னால் போய்த் திருத்துவது பெரும்பாடு. எனவே வைத்தவர் கையை எடுத்ததும் இடப்பக்கம் இருப்பவர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். மற்றொன்று, வைக்க வழியில்லாத நிறம் ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி மறுபடி பலகையை ஆராய்ந்து நேரத்தைக் கடத்துவது. தேவையே இல்லை. பலகையில் காய் கூடுமே தவிரக் குறையாது. ஒருமுறை வழி அடைபட்ட நிறத்துக்கு மீண்டும் வழி திறக்காது. ஆனால் 'பாஸ்' சொல்வதற்கு முன் மிச்சக் காய் ஒவ்வொன்றையும் புரட்டியும் பார்த்துவிட வேண்டும். புரட்டிப் பார்க்க மறந்து கைவிட்டவர்கள் ஏராளம்.

எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்து இது வேறு வேறு விளையாட்டாகிவிடுகிறது. நால்வர் ஆடும்போது கலகலப்பு அதிகம், திட்டம் குறைவு. உங்கள் முறை திரும்பி வருவதற்குள் மூன்று காய் விழுந்திருக்கும். எந்த வாசலையும் நம்ப முடியாது. அதிகபட்சம் 84 நகர்வுதான் என்பதால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விருந்தினர் வந்த மாலைக்கு இதுவே பொருத்தம்.

இருவர் ஆடினால் ஆளுக்கு இரண்டு நிறம். எதிரெதிர் மூலைகளில் இருக்கும் நீலமும் சிவப்பும் ஒருவருக்கு, மஞ்சளும் பச்சையும் மற்றவருக்கு. வரிசை எப்போதும் நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை. ஆழமான ஆட்டம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு. இரண்டு நிறத்தின் மிச்சமும் கூட்டித்தான் கணக்கு. ஒரு நிறத்தை முன்னேற விட்டு மற்றதைத் தடுப்புக்குப் பயன்படுத்தலாம். இங்கே அடிக்கடி எழும் சந்தேகம்: என் நீலமும் என் சிவப்பும் பக்கத்தோடு பக்கம் ஒட்டலாமா? ஒட்டலாம், அவை வேறு நிறங்கள். ஆனால் நீலத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டு சிவப்பு நுழைய முடியாது.

மூவர் ஆடுவதுதான் இந்தப் பெட்டியின் பலவீனம். நான்காவது நிறத்தை மூவரும் முறைவைத்து ஆட வேண்டும். அதன் மதிப்பெண் யாருக்கும் சேராது. சொந்தமில்லாத காயை நல்ல இடத்தில் வைக்க யார் மெனக்கெடுவார்கள்? அது அடுத்தவர் வாசலை அடைக்கும் ஆயுதமாகிவிடுகிறது, யாருடைய வாசல் அடைபடும் என்பதும் யார் கையில் எப்போது அது வந்தது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. வீட்டில் எப்போதும் மூன்று பேர்தான் என்றால் பிளாக்கஸ் ட்ரைகான் பக்கம் போவது நல்லது. அறுகோணப் பலகை, முக்கோணக் காய்கள், நிறத்துக்கு 22. மூவர் ஆடும்போது வெளிவட்டத்தை விட்டுவிட்டு ஆடும்படி அமைத்திருக்கிறார்கள், பொது நிறம் என்ற தலைவலி இல்லை. ஆனால் முக்கோணத்தில் எது மூலை, எது பக்கம் என்று கண் பழகக் கொஞ்சம் நேரமாகும். சின்னப் பிள்ளைகளுக்கு அதை முதல் பெட்டியாக வாங்க வேண்டாம்.

இருவருக்கென்றே பிளாக்கஸ் டுவோ என்று தனிப்பெட்டி உண்டு. 14×14 பலகை, ஆளுக்கு 21 காய், மூலைக்குப் பதில் உள்ளே குறித்த இரண்டு கட்டங்களிலிருந்து தொடக்கம். வேகமான, வெட்டொன்று துண்டிரண்டான ஆட்டம். பெரிய பெட்டி கையில் இருந்தால் இதைத் தனியாக வாங்கத் தேவையில்லை. பலகையின் ஒரு பக்கம் 6 வரிசையையும் அதை ஒட்டிய மற்றொரு பக்கம் 6 வரிசையையும் தடித்த காகிதப் பட்டையால் மூடிவிடுங்கள், மிஞ்சுவது 14×14. ஒரு மூலையிலிருந்து மூலைவாக்கில் எண்ணி 5ஆவது கட்டமும் 10ஆவது கட்டமும் தொடக்கப் புள்ளிகள். ஏதாவது இரண்டு நிறத்தை எடுத்துக்கொண்டால் ஆட்டம் தயார். தனியாக இருப்பவர்கள் நான்கு நிறத்தையும் தாங்களே வரிசைப்படி வைத்து, 84 காயும் பலகையில் ஏறுகிறதா என்று பார்க்கலாம். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் முடியாதது அல்ல.

ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் விதியைப் புரிந்துகொள்வார்கள். தோல்வியைத்தான் தாங்க மாட்டார்கள். அவர்களுக்காகப் பெரியவர்கள் விட்டுக்கொடுத்து ஆடுவதைவிட, தொடக்கத்திலேயே சமன் செய்வது மேல். பெரியவர் தன் ஒரு கட்டக் காயையும் இரண்டு கட்டக் காயையும் மூன்று கட்டக் காய்கள் இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஆடட்டும். அவை கணக்கில் சேர வேண்டாம். கடைசி நேரத்தில் சந்துபொந்தில் நுழையும் வசதி போய்விடுவதால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பிள்ளையின் காய்களிலிருந்து எக்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டாலும் போதும்.

தயாரிப்பைப் பொறுத்தவரை, பலகையில் கட்டங்களைப் பிரிக்கும் மேடான வரம்புகள் நன்றாக உழைக்கின்றன. காய் அவற்றுக்குள் அமர்ந்துகொள்ளும். யாராவது முழங்கை இடித்தாலும் ஆட்டம் கலையாது. குறை நிறத்தில்தான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் வீட்டில் ஒருவர் இருந்தாலும் அந்த இரண்டு நிறங்களும் குழப்பும். ஒரு நிறத்தின் 21 காயிலும் அழியாத மையால் புள்ளி வைப்பதுதான் தீர்வு. கட்டத்துக்கு ஒரு புள்ளி, இரண்டு முகத்திலும் வையுங்கள். காய் புரளும் என்பதை மறக்க வேண்டாம்.

காய் தொலைவது அடுத்த தொல்லை, அதுவும் எப்போதும் ஒற்றைக் கட்டக் காய்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் அதைத் தரையில் விட்டுவைக்கவே கூடாது. வாய்க்குள் போகும் அளவு. நிறத்துக்கு ஒரு ஜிப் பை வாங்கிக்கொண்டு, உள்ளே போடும்போது பன்னிரண்டு, ஐந்து, இரண்டு, ஒன்று, ஒன்று என்று எண்ணிப் போட்டால் தொலைந்தது அன்றைக்கே தெரிந்துவிடும். தொலைந்தே போனால் அட்டையை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டிக் கட்டத்தின் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், ஆட்டத்துக்குக் குறையில்லை.

இணையத்தில் இதே தோற்றத்தில் மலிவான நகல்களும் விற்கின்றன. வாங்குவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கிப் பலகையின் ஓரத்தில் 20 கட்டம் இருக்கிறதா, நிறத்துக்கு 21 காய் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வரம்பில்லாத வழவழப்பான பலகை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். காய்கள் நழுவிக்கொண்டே இருக்கும், மூலை தொட்டதா பக்கம் ஒட்டியதா என்ற சண்டை ஓயாது.